பட்டறையிற் செய்வதும் பஞ்சிகாவத்தையில் வாங்குவதும்

எங்கள் லேத் பட்டறை தில்லையடியிலே, புத்தளம் நகரிலிருந்து பாலாவிக்குச் செல்லும் கொழும்பு வீதிக்குச் சற்று உள்ளாக இருக்கின்றது. கற்பிட்டிக் கரையிலிருந்து வளைந்த சாஃப்டோடு வருகின்ற சம்மாட்டியும், உப்பு வாய்க்காலுக்கு நீர் இறைக்கும் பம்பைத் தூக்கிக்கொண்டு வருகின்ற உப்பளக்காரரும், இறால் பண்ணையின் துடுப்புச் சக்கரத்தை லான்ட்மாஸ்டரில் ஏற்றி வருகின்றவரும் எங்களிடம் ஒப்படைப்பது முழு யந்திரத்தை. ஆனால் அதனுள்ளே தேய்ந்திருப்பது பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பாகமே. அந்தப் பாகத்தை நாமே கடைந்து பூட்டுவதா, கொழும்புக்கு ஆளனுப்பிப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாங்கிப் பூட்டுவதா என்ற கேள்வி, கத்தியை உலோகத்தில் வைப்பதற்கு முன்னரே எழுந்துவிடுகின்றது. வியாபாரக் கணக்கு எழுதுவோர் இதனை இரண்டு விலைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் விவகாரமாகக் கொள்வார்கள். ஐம்பது ஆண்டுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு நாள்தோறும் விடை சொல்லி ஜீவனம் நடத்தியவன் என்ற முறையில், விலை அதில் ஒரு பங்கு மாத்திரமே என்பதையும், ஏனைய பங்குகள் எவை என்பதையும் நான் கண்டபடி எழுத விரும்புகின்றேன்.

நான் தொழிலுக்கு வந்தது யாழ்ப்பாணத்தில், என் வாப்பாவின் பட்டறையில், 1971ஆம் ஆண்டில். அந்நியச் செலாவணி இல்லாத காலம் அது. ஒரு பெயாரிங்கை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. அதே வேளையில் மிளகாயும் வெங்காயமும் இறக்குமதியாவது தடைப்பட்டிருந்தபடியால், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் முன்னொருபோதும் காணாத வருமானத்தைக் கண்டார்கள். கிணறுதோறும் மண்ணெண்ணெய் வாட்டர் பம்ப் இரவு பகலாக இறைத்தது. இறைத்த பம்புகள் தேய்ந்தன. தேய்ந்தவற்றுக்கு மாற்றுப் பாகம் கடையில் இல்லை. ஆகையால் யாவற்றையும் நாங்களே செய்தோம். கழிக்கப்பட்ட லொறியின் அச்சை வெட்டிப் பம்பின் சாஃப்டைக் கடைந்தோம். அந்த அச்சின் உருக்கு, கடையில் விற்கும் சாதாரண இரும்புக் கம்பியிலும் மிக உறுதியானது என்பதை அக்காலத்திலேதான் அறிந்துகொண்டேன். ஒயில் சீலுக்குப் பதிலாகத் தோலைக் கொழுப்பில் ஊறவைத்து வளையமாக வெட்டினோம். ஒரு கைப்பிடி நட்டுக்காக லேத் அரைநாள் ஓடிய சந்தர்ப்பங்களும் உண்டு. அதைத் தீர்மானம் என்று சொல்வதற்கில்லை, அது நிர்ப்பந்தம். ஆயினும் அந்த நிர்ப்பந்தம் ஒவ்வொரு பாகமும் ஏன் அவ்வாறு இருக்கின்றது என்பதை எங்கள் கைகளுக்குக் கற்றுக் கொடுத்தது.

அக்காலத்தில் காரைநகரிலே நோர்வே நாட்டு உதவியோடு தோன்றிய சீ-நோர் படகுத் தளத்தைப் பற்றி எங்கள் பட்டறையில் அடிக்கடி பேச்சு நடக்கும். கண்ணாடி இழையாலான படகின் உடலை அவர்கள் இங்கேயே வார்த்தெடுத்தார்கள். அதனுள் இருத்தும் இஞ்சினோ வெளிநாட்டிலிருந்து வந்தது. உடலைச் செய்யத் தெரிந்தவர்கள் இஞ்சினையும் செய்யலாகாதா என்று நான் கேட்டபோது வாப்பா சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கின்றது: “மகன், உடம்பு ஒடஞ்சா இங்கனேயே ஒட்டலாம். இஞ்சினுக்குள்ள இருக்கிறதுல நமக்கு எட்டினது சாஃப்டும் புஷ்ஷும். எட்டினத வுட்டுராத, எட்டாததுக்கு ஆசப்படாத.”

1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது. அவ்வாண்டு நவம்பரில் இறக்குமதிக் கதவு திறந்தது. சில மாதங்களுக்குள் ஜப்பானிய பெயாரிங்கும், தாய்வான் ஒயில் சீலும், பெட்டி பெட்டியாக நட்டும் போல்ட்டும் வந்து குவிந்தன. நாங்கள் ஒரு நாள் முழுவதும் உழைத்துச் செய்த பொருள் தேநீர்க் காசுக்குக் கிடைத்தது. தெரிந்த பட்டறைகள் சில ஓரிரு வருஷத்துக்குள் லேத்தை விற்றுவிட்டு உதிரிப்பாகக் கடைகளாக மாறின. வாப்பாவோ ஒவ்வொரு பாகமாக எடுத்துப் பரிசீலித்தார். பெயாரிங், ஒயில் சீல், நட், போல்ட் ஆகிய இவற்றை இனி ஒருபோதும் செய்வதில்லை என்று அன்றே விட்டுவிட்டார். அதற்காக அவர் கிஞ்சித்தும் வருந்தியதாக எனக்குத் தெரியவில்லை. புஷ்ஷையும் சாஃப்டையும் மட்டும் விட மறுத்தார்.

அந்த மறுப்பின் காரணத்தைக் கடல் எங்களுக்குப் பிரத்தியட்சமாகக் காட்டிற்று. படகின் பின்புறத்தில் சாஃப்ட் நீருக்குள் இறங்கும் குழாயிலே பொருத்துகின்ற புஷ், வெளியூரிலிருந்து கண்ணைப் பறிக்கும் மினுமினுப்போடு எங்கள் விலையில் பாதிக்கு வந்தது. பலர் வாங்கிப் பூட்டினார்கள். ஒரு பருவம் கழிந்ததும் அவற்றுள் பல எங்கள் மேசைக்கு வந்தன. அளவு மாறவில்லை, வடிவமும் மாறவில்லை. மஞ்சளாக இருந்த உலோகம் மாத்திரம் செம்மை ஏறியிருந்தது. கத்தி முனையால் கீறியபோது உதிர்ந்தது. மஞ்சள் பித்தளையில் துத்தநாகம் மிகுதியாக உண்டு; கடல் நீர் அதனை மெல்ல மெல்லக் கரைத்தெடுத்துவிடும்; எஞ்சி நிற்பது பொருக்குத் தட்டிய செம்பு மாத்திரமே. நாங்கள் கன்மெட்டல் என்று சொல்லும் கலவையிலோ, பழைய ஆங்கிலக் கடற்படைக் கணக்குப்படி, நூற்றுக்கு 88 பங்கு செம்பும் 10 பங்கு வெள்ளீயமும் 2 பங்கு துத்தநாகமும் இருக்கும். அதனைக் கடல் அவ்வளவு எளிதில் அரிப்பதில்லை. வாங்கியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை. விற்ற கடைக்காரருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. லேத்தில் பூட்டி ஒரு மெல்லிய வெட்டு வெட்டியதும், புதிய முகத்தில் மஞ்சள் ஓங்கி நிற்கின்றதா, செம்மை கலந்திருக்கின்றதா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு பொருளைச் செய்யத் தெரிந்தவனுக்கே அதை வாங்கவும் தெரியும் என்ற அபிப்பிராயம் அன்று எனக்குள் வேரூன்றிற்று. செய்வதை ஒருவன் அடியோடு நிறுத்திவிட்டால், சில வருஷங்களில் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் ஆற்றலையும் இழந்துவிடுகின்றான். அதன்பின் அவனுக்கு எஞ்சியிருப்பது விலைச்சீட்டு ஒன்றே.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். வடக்கிலிருந்து அவ்வாறு வந்தவர்கள் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பான்மையோருக்குப் புத்தளம் மாவட்டமே இடங்கொடுத்தது. லேத், வெர்னியர், வாப்பா தம் கையால் செதுக்கிய மர அச்சுகள் யாவும் அங்கேயே தங்கின. தில்லையடியிலே கிடுகுக் கூரையின் கீழ் எங்கள் குடும்பம் அடைக்கலம் புகுந்தபோது, என்னிடம் எஞ்சியிருந்தது தொழில் அறிவு மாத்திரமே.

வெல்டிங் மெஷின் ஒன்றும் கைத்துளைப்பான் ஒன்றும் சேர்ந்ததும் சிறு பழுது வேலைகளை ஏற்றேன். கடைசல் வேலை யாவற்றையும் மற்றப் பட்டறைகளில் விலைக்குச் செய்வித்தேன். அதாவது, அதுகாறும் செய்பவனாக மட்டுமே இருந்த நான் சில வருஷ காலம் முழுக்க முழுக்க வாங்குபவனாக இருந்தேன். அந்த வாழ்க்கையை அநுபவித்திராவிட்டால் இந்த விஷயத்தின் மறுபாதி எனக்குத் தெரியாமலே போயிருக்கும். வாங்குபவனுக்கு விலையைவிடப் பெரிய துன்பம் காத்திருப்பது. பட்டறைக்காரரின் லேத்தில் அவருடைய சொந்த வாடிக்கையாளரின் வேலை முதலில் ஏறும்; என் சாஃப்ட் மூலையில் சாய்ந்து நிற்கும்; கரையிலே படகு சும்மா கிடக்கும்; படகுக்காரரோ என்னைத்தான் கேட்பார். “நானா, வெல பொறவு பேசுவோம். எப்ப கெடைக்கும்டு மட்டும் சொல்லுங்க” என்று கற்பிட்டிச் சம்மாட்டி ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். கடலுக்குப் போகாத ஒரு நாளில் அவர் இழப்பது புஷ்ஷின் விலையிலும் எத்தனையோ மடங்கு அதிகம். பிறகு சொந்தமாக ஒரு லேத் வாங்குவதென்று நான் துணிந்தபோது, கணக்கின் தலைப்பில் எழுதியது மீதியாகும் கூலியை அன்று. படகு கரையில் கிடக்கும் நாட்களையே எழுதினேன்.

லேத் வந்தபிறகு வேறொரு பாடம் தொடங்கிற்று. இந்தக் கரையிலே கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை வெளிக்கடல் கொந்தளிக்கும்; மீன்பிடி தளர்ந்துவிடும். காற்று மாறியதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து மீனவர்கள் கற்பிட்டித் தீவுகளுக்கு வந்து வாடி அடிப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் எங்கள் பட்டறையில் நிற்க இடமிராது. ஒரே புஷ், ஒரே உலோகம், ஒரே தொழிலாளி. ஆனால் ஆடி மாதத்தில் அதைக் கடைந்தால் எனக்குச் செலவாவது உலோகமும் மின்சாரமுமே. தொழிலாளிக்குச் சம்பளம் எப்படியும் கொடுத்தாக வேண்டும்; லேத்தோ சும்மா நிற்கின்றது. தை மாதத்தில் அதே புஷ்ஷைக் கடைவதற்கு எடுத்துக்கொள்ளும் மணித்தியாலம், வாசலில் காத்திருக்கும் படகொன்றின் சாஃப்டை நிமிர்த்த வேண்டிய மணித்தியாலமாகும். ஆகவே ஆடியில் செய்வது லாபம், தையில் வாங்குவது லாபம். ஒரு பாகத்தின் அடக்க விலை என்று கணக்குப் புத்தகத்தில் ஒரே ஒரு தொகையை எழுதி வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் அதனை நம்புகின்றவர்கள் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை. நாங்கள் கச்சான் காலத்தில் வழக்கமான அளவுகளில் புஷ்களை உள்விட்டம் முடிக்காமல் கடைந்து அடுக்கி வைக்கலானோம். பருவத்தில் சாஃப்டின் தேய்வைப் பார்த்து உள்விட்டத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால் போதுமாயிற்று.

அடுத்த பிரச்சினை வார்ப்பு. கன்மெட்டல் வார்ப்பை நாங்கள் வெளியே ஒரு வார்ப்புப் பட்டறையில் வாங்கினோம். அதிலே சிற்சில சமயம் காற்றுக் குமிழ் அகப்பட்டிருக்கும். வெளித்தோற்றத்தில் அது தெரியாது. முக்கால் வேலை முடிந்தபின், கத்தியின் கீழ் சிறு துளையாகத் திடீரென்று வெளிப்படும். வார்த்தவர் வேறு வார்ப்புத் தருவார். செலவான கடைசல் கூலியைத் தரமாட்டார். இந்த ஆத்திரத்தில் நாமே உலை வைத்துவிடலாம் என்று என் தம்பி பலமுறை வற்புறுத்தினான். நான் இணங்கவில்லை. உலை என்பது வாரத்தில் ஒருமுறை மூட்டிப் பார்க்கக்கூடிய தொழிலன்று. மணலின் ஈரம், உருகிய உலோகத்தின் நிறம், ஊற்றும் வேகம் ஆகியவை நாள்தோறும் பழகினாலன்றிக் கைவராத வித்தைகள். எங்களுக்கு வேண்டியிருந்த வார்ப்பின் அளவோ அவ்வளவு பழக்கத்தைக் கொடுக்கப் போதாது. அதற்குப் பதிலாக இரண்டு காரியங்களைச் செய்தோம். முதலாவது, வார்ப்புக்கான மர அச்சுகளை நாங்களே செய்து எங்கள் சொத்தாக வைத்துக்கொண்டோம். அச்சு அவருடையதாக இருக்கும்வரை நாம் அவரைவிட்டு நகர முடியாது. அச்சு நம்முடையதானால் இன்றைக்கு இவரிடமும் நாளைக்கு வேறொருவரிடமும் ஊற்றுவிக்கலாம். இரண்டாவது, வந்த வார்ப்பை முதலில் எல்லா முகங்களிலும் மெல்லியதாக வெட்டிப் பார்த்துவிட்டு, குற்றமிருந்தால் அன்றே திருப்பியனுப்பினோம். இவ்விரண்டும் தொடங்கியபின் வார்த்தவரும் எங்கள் வேலையில் கூடுதல் கவனம் எடுத்தார். உலை வைக்கும் பேச்சும் தானாக ஓய்ந்தது.

இறால் பண்ணைகளின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். புத்தளம் களப்பைச் சுற்றியும் தெற்கே முந்தல் பக்கமும் பண்ணைகள் பெருகிய காலத்தில், குளத்து நீருக்குக் காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்கள் நூற்றுக்கணக்கில் சுழன்றன. மோட்டாரும் கியர்ப்பெட்டியும் இறக்குமதி. உவர் நீரில் நிற்கும் சாஃப்டுகளையும் அவற்றைத் தாங்கும் புஷ்களையும் நாங்கள் செய்து கொடுத்தோம். அந்தப் புஷ்களுக்கு நைலோன் கம்பியைப் பயன்படுத்தினோம்; நீரே அதற்கு எண்ணெயாகிவிடுவதால் கிரீஸ் வேண்டியதில்லை, துருவும் ஏறாது. கியரையும் இங்கேயே வெட்டலாமே என்று பண்ணைக்காரர்கள் கேட்டார்கள். அதற்கு மில்லிங் மெஷின் வேண்டும், பல்லை வெட்டியபின் சூடேற்றிக் கடினப்படுத்தும் ஏற்பாடும் வேண்டும். கேட்பவர் தொகை பெரிதாக இருந்தபடியால் மனம் சபலப்பட்டது உண்மை. ஆனால் அந்தக் கியரை வாங்குவோர் பண்ணைக்காரர் மாத்திரமே. உப்பளத்துக்கும் வேண்டாம், படகுக்கும் வேண்டாம். ஒரே வகை வாடிக்கையாளரை நம்பி, வேறெதற்கும் உதவாத யந்திரத்தில் முதலைப் போடுவதற்கு எனக்குத் துணிவு வரவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. குளங்கள் அடுத்தடுத்து வெறுமையாயின. இரண்டாண்டு கழித்து நோய் மீண்டும் தாக்கியது. துடுப்புச் சக்கரங்கள் கரையில் குவிந்து கிடந்தன. நைலோன் புஷ் கடைந்த லேத்தில் நாங்கள் மறுநாளே உப்பளப் பம்பின் வேலையைப் பூட்டினோம். கடன்பட்டு மில்லிங் மெஷின் வாங்கியிருந்த நண்பர் ஒருவருக்கு அந்த மெஷினை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் திறமையிற் குறைந்தவர் அல்லர். எங்களுள் சிறந்த கைகாரர் அவர்தாம். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் மனம் கனக்கின்றது.

யாவற்றையும் தானே செய்துகொள்ள வேண்டும் என்ற ஆசை பெரிய முதலாளிகளையும் விட்டதில்லை. மோட்டார்க் கார் செய்த ஹென்றி ஃபோர்ட், இரும்புத் தாதுவிலிருந்து கார்வரை ஒரே வளாகத்தில் உருவாக்க முயன்றவர். 1922 முதல் 1928 வரை மலாயாவிலும் எங்கள் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதியைப் பிரித்தானியர் கட்டுப்படுத்திய ஸ்டீவன்சன் திட்டத்தைக் கண்டு சினந்து, டயருக்கு வேண்டிய ரப்பரையும் தாமே வளர்ப்பதென்று பிரேசில் காட்டிலே ஃபோர்ட்லாந்தியா என்ற நகரை நிறுவினார். ரப்பர் மரம் பிறந்த மண்ணே அது; அங்கிருந்து 1876இல் எடுத்துச் சென்ற விதையிலிருந்துதான் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்து மரங்களும் முளைத்தன. ஆனால் பிறந்த மண்ணில் அம்மரத்துக்கு இலைக்கருகல் நோயும் கூடப் பிறந்திருந்தது. நெருக்கி நட்ட மரங்களில் அது தீயெனப் பரவிற்று. 1945இல் அந்த நிலத்தைப் பெரும் நஷ்டத்துக்குப் பிரேசில் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள். காரின் எந்தப் பாகத்தையும் அறிந்திருந்த அவருடைய பொறியியலாளர்கள் மரத்தை அறிந்திருக்கவில்லை. இதைப் படித்தபோது உலை வைக்க நான் மறுத்ததை என் தம்பிக்கு மீண்டும் ஒருமுறை விளக்கினேன். அவனும் அதைப் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

வாங்கலாம் என்று விட்டுவிட்ட பாகங்களும் ஒருநாள் மீண்டும் நம் மேசைக்கு வரும் என்பதை 2022ஆம் ஆண்டு காட்டிற்று. 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை அரசாங்கம் நிறுத்திவைத்தது. இறக்குமதியாளர்கள் வங்கியில் நாணயக் கடிதம் திறக்க முடியாமல் நின்றார்கள். ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்ந்தபோது, வெளிப்புற இஞ்சின் பூட்டிய கண்ணாடி இழைப் படகுகள் பல கரையேறிவிட்டன. ஓடிய சில படகுகளுக்கும் ஒரு பாகம் கிடைக்கவில்லை: இஞ்சினைக் குளிர்விக்கக் கடல் நீரை உறிஞ்சும் ரப்பர் இம்பெல்லர். ஆழங்குறைந்த எங்கள் களப்பிலே நீரோடு மணலும் சேறும் ஏறுவதால் அது விரைவில் தேயும். அது தேய்ந்தால் இஞ்சின் சூடேறி முழுவதுமே பாழாகும்.

ரப்பர் நாட்டிலே விளைகின்றது. அதை இம்பெல்லராக்கும் வகை எங்களிடம் இல்லை. அப்பொழுது நாங்கள் பாகத்தை விட்டுவிட்டு அதன் வேலைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தோம். இரும்பிலே அச்சுக் குடைவது லேத் வேலை. அது எங்கள் கைக்கு எட்டியது. நடுவிலிருக்கும் பித்தளைக் குடத்தைக் கடைவதும் அவ்வாறே. வழவழப்பான முகத்தில் ரப்பர் பிடிக்காமல் கழன்று சுழலும் என்பதால், குடத்தின் வெளிமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாகப் பூவேலை உருட்டினோம். ரப்பரைக் கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் வேகவைப்பதை டயருக்குப் புது முகம் ஒட்டும் தொழிலாளி ஒருவரிடம் ஒப்படைத்தோம். அந்த வித்தையில் அவருக்கு இருந்த பழக்கம் எங்களுக்கு வர ஆண்டுகள் செல்லும். முதலில் வந்தவற்றில் இறக்கைகள் விறைத்திருந்தன. கலவையை மாற்றியபின் வளைந்து கொடுத்தன. வெளிநாட்டு இம்பெல்லரின் ஆயுளை அவை தொடவில்லை. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதிப்போவதும் ஒரு பிரதிகூலம். ஆயினும் அந்தப் பருவத்தில் பல குடும்பங்களின் படகுகள் அவற்றால் கடலுக்குப் போயின. அந்த வேலையில் எனக்குக் கிடைத்த திருப்தியைப் போல் வேறெதிலும் கிடைத்ததில்லை.

இப்பொழுது பஞ்சிகாவத்தையில் இம்பெல்லர் மீண்டும் தாராளமாகக் கிடைக்கின்றது. பட்டறையை நடத்தும் என் மூத்த மகன், “வாப்பா, நம்ம செலவுல பாதிக்கு அங்க வாங்கலாம். இந்த அச்சு இனி எதுக்கு?” என்று கேட்டான். விற்பனைக்கு வெளிநாட்டு இம்பெல்லரையே வைப்பதென்று நான் சம்மதித்தேன். அது சரியான கணக்கு. அச்சை இரும்புக்கு விற்பதற்கு மாத்திரம் சம்மதிக்கவில்லை. கச்சான் காலத்தில் லேத் சும்மா நிற்கும்போது சில குடங்களைக் கடைந்து கொஞ்ச இம்பெல்லர் வேகவைப்பதென்று இருவரும் இணங்கினோம். எண்ணெய்க்கு அஞ்சாத செயற்கை ரப்பரைக் கொழும்பில் வாங்கி இம்முறை அதிற் சில செய்திருக்கின்றோம். கற்பிட்டிப் பக்கத்துக் கந்தக்குழிச் சம்மாட்டிகள் இருவர் தங்கள் ஒரு படகில் எங்களுடையதையும் மறு படகில் வெளிநாட்டுடையதையும் பூட்டி ஓட்டச் சம்மதித்திருக்கிறார்கள். பருவம் முடிந்து கழற்றியதும் நான்கையும் மேசையில் வைத்து இறக்கைகளின் தேய்வை மைக்ரோமீற்றரால் அளந்து குறித்துக்கொள்ளும் வேலையை மகனிடமே விட்டிருக்கின்றேன்.